பலகைமேல் ஒரு மெழுகுதிரி

எலும்பு மண்ணுக்குள்ளிருந்து வெளியே வரும்போது எலும்பு மாதிரி இருக்காது. பழைய வேர் மாதிரி இருக்கும். சில நேரம் காய்ந்துபோன மரவள்ளித் தோல் மாதிரி. வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் அது அநேகமாக யாரோ ஒரு பண்ணைக்காரர் போன தலைமுறையில் புதைத்த பன்றி. பன்றிக்காக நான் இரண்டு முறை பொலிஸைக் கூப்பிட்டிருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூப்பிடாமல் விட்டவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

போன மாதம், தொல்லியலுக்குப் புதிதாக வந்த நீங்கள் ஐந்து பேரும் வெக்ஸ்போர்ட்டில் என் அப்பார்ட்மென்டுக்கு வந்து, சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, "அங்கிள், யூ ஷுட் ரைட் திஸ் டவுன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சாப்பிட்ட நன்றிக்குச் சொன்னதாகவும் இருக்கலாம். நான் எழுதிவிட்டேன். தமிழில் எழுதியதற்குக் காரணம் உண்டு. முப்பது வருடம் ஆங்கிலத்தில் றிப்போர்ட் எழுதிய கை இது. ஆங்கிலத்தில் தொடங்கினால் மண்ணின் நிறம், குழியின் ஆழம் என்று அதுபாட்டுக்கு ஓடும். நான் செய்த மடைத்தனம் வெளியே வராது. தமிழ் வாசிக்க வராதவர்கள் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இவ்வளவு படித்த பிள்ளை எதற்காக வயலில் போய் மண் கிண்டுகிறது என்று அம்மாமாருக்கும் ஒருமாதிரி விளங்கும்.

அந்த அம்மாமாருக்காக முதலில் சட்டம். ஒன்ராறியோவில் புதிதாக வீட்டுத் திட்டம் போடுகிறவர்கள், வேலை தொடங்கமுன் அந்த நிலத்தை லைசென்ஸ் உள்ள தொல்லியலாளரிடம் காட்ட வேண்டும். வெள்ளைக்காரர் வருவதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே இந்த நிலத்தில் ஊர்கள் இருந்தன. சோளம் விதைத்தார்கள், நீளமான வீடுகள் கட்டினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். அந்த முதற்குடி மக்களின் தடயம் அழியாமல் இருக்கத்தான் இந்தச் சட்டம். பானை ஓடோ கல்லாயுதமோ கிடைத்தால் பதிந்து, எடுத்து வைக்கலாம். மனித எலும்பு என்றால் எல்லா வேலையும் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். பொலிஸ் வரும், மரண விசாரணை அதிகாரி வருவார். இது பழையது, குற்றச் செயல் இல்லை என்று அவர்கள் சொன்னபிறகு மாகாணத்தின் இடுகாட்டுப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். பிறகு நிலத்துக்காரரும் அந்த முதற்குடியின் பிரதிநிதிகளும் ஒரு மேசையில் இருந்து, இறந்தவர் அங்கேயே இருப்பதா, வேறிடம் கொண்டுபோவதா என்று ஓர் உடன்பாட்டுக்கு வருவார்கள். சட்டம் இவ்வளவுதான். மீதியெல்லாம் ஆட்கள்.

இனி, இடம். பிக்கரிங் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிக்கரிங் இல்லை. எந்த முதற்குடி என்றும் சொல்லமாட்டேன். புதைகுழி இருக்கும் இடத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் ஒழுங்கு. தோண்டி எடுத்துச் சேர்த்து வைக்கவும் விற்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஒழுங்கை நான் மீறியதைப் பற்றித்தான் இந்தக் கதை. இரண்டாம் முறையும் மீறுகிற உத்தேசம் இல்லை.

எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர் என்னைவிடப் பத்து வயது இளைய பெண். பெயர் வேண்டாம். மன்னாரில் நில அளவைத் திணைக்களத்தில் படம் கீறிக்கொண்டிருந்த நான், இங்கே நாற்பது வயதில் கோடைக்கால வேலைக்கு மண் அரிக்கப் போனபோது அவர்தான் மேற்பார்வையாளர். வாய் நிறையக் கெட்ட வார்த்தை, பை நிறையத் தோடம்பழம். முதல் நாளே சொன்னார்: "எலும்பைக் கண்டால் முதலில் இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் வை. பிறகு யோசி." பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. கண்டவுடன் கை எதையாவது செய்யத் துடிக்கும். மண்ணைத் தட்டிவிட, படம் எடுக்க, யாரையாவது கைகாட்டிக் கூப்பிட. நல்ல மனதோடுதான் துடிக்கும். இந்தத் தொழிலில் கெட்ட மனதால் கெட்டதைவிட நல்ல மனதால் கெட்டது கூட என்பது அவருடைய கணக்கு. முப்பது வருடம் நான் அவர் சொன்னபடி கையைப் பொக்கற்றுக்குள் வைத்தேன். அதில் ஒரேயொரு நாள் எடுத்தேன்.

ஓய்வுக்கு நாலு வருடம் இருந்தது. செப்டெம்பர் கடைசி, வெள்ளிக்கிழமை. பெரிய வீட்டுத் திட்டம். முக்கால்வாசி நிலம் பார்த்து முடிந்து, ஒரு பக்கத்தில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்களுக்கு மிச்சம் இருந்தது வயலின் ஒரு மூலை. இயந்திரம் மேல்மண்ணை மெல்லியதாக உரித்துக்கொண்டு போக, நான் பின்னால் நடந்து மண்ணின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வழமையாக என்னோடு ஷெல்லியும் நடப்பார். அவர் அந்த முதற்குடியின் சார்பில் சைட்டில் நிற்பவர். எங்கள் கை எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். மழையிலும் உருளைக்கிழங்குச் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நிற்பார். ஒரு துணுக்கை மண்ணில் விழ விடமாட்டார். அன்று மகளைப் பல் டொக்ரரிடம் கொண்டுபோக வேண்டுமென்று இரண்டு மணிக்கே போய்விட்டார்.

மூன்றரைக்கு வேர் மாதிரி ஒன்றைக் கண்டேன். சத்தம்போட்டு இயந்திரத்தை நிற்பாட்டி, முழங்காலில் இருந்து பார்த்தேன். வேர் இல்லை. ஓர் ஆள். ஒருக்களித்து, முழங்காலை மடித்து, குளிருக்குப் படுத்திருப்பது போல. எழும்பி, இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் வைத்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சட்டப்படி நடந்தது. இயந்திரக்காரரை வீட்டுக்கு அனுப்பினேன். பொலிஸ் வந்தது. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை; அந்தத் திட்டத்தில் செப்புக் கம்பி களவு போய்க் கிழமைக்கு ஒருதரம் பொலிஸ் வரும். மரண விசாரணை அதிகாரி அனுப்பிய எலும்பு நிபுணர் வந்து, குனிந்து பார்த்து, பல நூறு வருடம் பழையது என்று சொல்லிவிட்டுப் போனார். பதிவாளருக்கு அறிவித்தேன். பிறகு ஷெல்லிக்கு ஃபோன் எடுத்தேன். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். நினைவில் இருக்கிறபடி தமிழில் எழுதுகிறேன்.

"மூடி வையுங்கள். துணி, அதற்குமேல் பலகை, அதற்குமேல் மண். படம் வேண்டாம். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். காலையில் வருகிறேன்," என்றார். ஃபோனை வைக்கமுன், "தனியே விட்டுவிட்டுப் போவதாக நினைக்க வேண்டாம். அவர் அங்கே இருந்து பழகியவர்," என்றார்.

துணி விரித்தேன். பலகை வைத்தேன். எல்லாரும் போய்விட்டார்கள். ஆறரை மணி, இன்னும் வெளிச்சம் இருந்தது. மண்வெட்டி எடுக்கக் காரின் பின்பக்கத்தைத் திறந்தபோது, ஓகஸ்ட் மாத யாத்திரைக்கு வாங்கி மிஞ்சிய மெழுகுதிரிப் பெட்டி கண்ணில் பட்டது.

என் தம்பியைப் பற்றி உங்கள் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. அவனுக்குக் கல்லறை இல்லை. பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. மரித்தவர்களின் நாளான நவம்பர் இரண்டாம் திகதி ஊரில் எல்லாரும் சேமக்காலைக்கு மெழுகுதிரி கொண்டுபோகும்போது, நாங்கள் அப்பாவின் குழியிலேயே அவனுக்கும் சேர்த்து இரண்டாகக் கொளுத்திவிட்டு வருவோம். கனடாவில் அதற்கும் வழியில்லை. அன்று அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. நான் கண்ட முதல் எலும்பு அது இல்லை, ஏழாவதோ எட்டாவதோ. ஏன் அன்றைக்கு வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

மெழுகை உருக்கிப் பலகையில் ஊற்றி, மெழுகுதிரியை நட்டேன். சிலுவை அடையாளம் போட்டு, மரித்தவர்களுக்கான செபத்தை முழுக்கச் சொன்னேன். பத்து நிமிடம் இருக்கும். பிறகு அணைத்துவிட்டு, மண்ணும் போடாமல், அடிக்கட்டையையும் எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். காரில் வரும்போது மனம் நிறைந்திருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

வீடு கட்டுகிறவர்களின் சைட் பொறுப்பாளர் அன்ரன் ட்ரெயிலர் ஜன்னலால் இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஊரில் தீவுப் பக்கத்துக்காரன், என்னைப் போல வேதக்காரன், நல்ல வேலைக்காரன். திங்கட்கிழமை வரை மூலைக்குள் ஒருவரும் போகக்கூடாது என்பது மட்டும்தான் அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வெள்ளைக்காரப் பொறுப்பாளராக இருந்திருந்தால், கிழவன் தனியே நின்று பிறந்தநாள் கொண்டாடுகிறான் என்று நினைத்திருப்பார். மண்ணில் மெழுகுதிரி எரிந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஆளுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அன்ரன் ஃபோனில் ஒரு படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினான். மனைவி அதைத் தன் சிநேகிதி வசந்திக்கு அனுப்பினாள். வசந்தி குடும்பம் வீடு வாங்கியிருந்தது அந்த மூலையில். வசந்தி அதை வீடு வாங்கியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். படத்தில் பலகை, மெழுகுதிரி, நான், எனக்குப் பின்னால் பக்கத்துப் பண்ணையின் சிவப்புக் கூரைக் களஞ்சியம். அந்தப் பகுதியைத் தெரிந்த எவருக்கும் இடம் பிடிபட்டுவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து இறங்கினேன். ஷெல்லி எனக்கு முன்னே வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்றார். கையில் சிப்ஸ் இல்லை.

"யார் உள்ளே வந்தது?" என்றார்.

நான் குனிந்து மெழுகுதிரியின் அடிக்கட்டையைப் பார்த்தேன்.

"யாரோ தேவாலயத்து ஆள் வந்திருக்கிறார். மெழுகுதிரி," என்றார். "என் அம்மாவின் அக்காவை எட்டு வயதில் பாடசாலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கேயே இறந்தார். புதைக்கும்போது மெழுகுதிரி இருந்ததாம். செபம் இருந்ததாம். பெயர் மட்டும் இருக்கவில்லை. எந்தக் குழி என்று இன்றுவரை தெரியாது."

உங்களுக்கு இந்த நாட்டின் வரலாறு பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருப்பார்கள். அரசாங்கமும் தேவாலயங்களும் சேர்ந்து முதற்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பாடசாலைகளில் அடைத்த கதை. எனக்கும் தெரியும். புத்தகத்தில் தெரியும், கூட்டங்களில் கேட்டுத் தெரியும். முதல்நாள் மாலை மெழுகை உருக்கும்போது அது என் மண்டைக்குள் எந்த மூலையில் இருந்ததோ தெரியாது.

அவர் சைட்டைச் சுற்றியிருந்த கம்பி வேலி எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சுற்றி நடக்கத் தொடங்கினார். நானும் பின்னால் நடந்தேன். அவரோடு சேர்ந்து குனிந்து குனிந்து தேடினேன். என் தொழிலில் நான் செய்த மிகக் கேவலமான வேலை அந்த மெழுகுதிரி இல்லை, அந்த நடை. பத்து நிமிடம். வேலியின் மூன்றாவது மூலையில் அவர் பொலிஸுக்கு அடிக்க ஃபோனை எடுத்தபோதுதான் எனக்கு வாய் திறந்தது.

"வேலி வெட்டுப்படவில்லை. நான்தான்," என்றேன்.

"ஏன்?"

தம்பியைச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"உங்கள் தம்பிக்காக எனக்கு உண்மையில் கவலை," என்றார். "ஆனால் அந்த மெழுகுதிரி உங்கள் தம்பிக்கு. இவருக்கு இல்லை. இவருக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் யாரையும் கேட்கவில்லை. என்னைக் கேட்டிருக்கலாம். ஃபோனில் பேசினோமே."

எனக்குக் கோபம் வந்தது. மரியாதை செய்யப்போய்ப் பேச்சு வாங்குகிறேனே என்று. அந்தக் கோபம் போக இரண்டு கிழமை எடுத்தது. அதுவும் எழுதத்தான் வேண்டும்.

"என்ன சொல்லிச் செபித்தீர்கள்?" என்று கேட்டார்.

"அவர் அமைதியாக இளைப்பாறட்டும் என்று."

ஷெல்லி தலையாட்டினார். பிறகு இரண்டு பேருமாக மெழுகைச் சுரண்டி எடுத்தோம்.

ஒன்பது மணிக்கு வேலிக்கு வெளியே நாலு கார்கள் வந்து நின்றன. முன்னால் வந்தவள் வசந்தி. அவள் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் கணவன், இன்னும் மூன்று குடும்பங்கள். அன்ரன் வேலிக்குள் நின்று கையைப் பிசைந்தான்.

"அங்கிள், உண்மையைச் சொல்லுங்கோ," என்றாள் வசந்தி. "எங்கட வீட்டைச் சுடலைக்கு மேலயோ கட்டுறாங்கள்?"

"பிள்ளை, நான் ஒண்டும் சொல்லேலாது. சட்டம்."

"சட்டமோ? மெழுகுதிரி கொளுத்தேக்க உந்தச் சட்டம் எங்க போனது?" என்று ஃபோனை நீட்டினாள்.

அப்போதுதான் படத்தைக் கண்டேன்.

"பால் காய்ச்சிக் குடிபூரப் போற வீடு, அங்கிள். எங்கட மாமி கேள்விப்பட்டா வாசல்படி மிதியா. உள்ள படுத்திருக்கிற ஆள் பாவம்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பிள்ளையளோட அவருக்கு மேல நான் எப்படி நித்திரை கொள்ளுறது?"

அன்ரன் என்னை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனான். "அண்ணை, நாய் எலும்பு எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. சனம் கலைஞ்சு போயிடும். எனக்கும் வேலை தப்பும். உங்களுக்கும் நல்லது."

நீங்கள் தீர்மானம் எடுப்பதைப் பெரிய விசயமாக நினைக்கிறீர்கள். அது அநேகமாக இப்படித்தான் வரும்: வேலிக்குப் பக்கத்தில், ஒருவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அரை நிமிடத்துக்குள். அன்ரன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாய் என்று சொன்னால் வதந்தி அந்த இடத்தில் செத்துவிடும், இடமும் ஒருவேளை தப்பும். செய்த பிழையை மூட ஒரு பொய், அதுவும் இறந்தவரின் நன்மைக்கே. சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் திங்கட்கிழமை பதிவாளரின் கட்டளை வரும், அதைத் தொடர்ந்து கூட்டங்கள் வரும், நாய்க்கு யாரும் கூட்டம் வைப்பதில்லை. பொய் பிடிபடும்போது லைசென்ஸ்காரன் சொன்ன பொய் என்றுதான் பிடிபடும். அதற்குப் பிறகு ஷெல்லியின் ஆட்கள் எங்கள் தொழிலில் யாரை நம்புவார்கள்?

"நாயெண்டும் சொல்லமாட்டன், ஆளெண்டும் சொல்லமாட்டன்," என்றேன் வசந்தியிடம். "உங்கட வீட்டைப் பற்றித் திங்கக்கிழமை ஒஃபிஸ்ல கேளுங்கோ. மெழுகுதிரி கொளுத்தினது என்ர பிழை. அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கோ, பிள்ளை. கும்பிட்டுக் கேக்கிறன்."

வசந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த இடத்திலேயே படத்தை அழித்தாள். நல்ல பிள்ளை. ஆனால் அது அதற்குள் நாற்பது ஃபோனுக்குப் போயிருந்தது.

கார்கள் போனபின், என்ன பேசினார்கள் என்று ஷெல்லி கேட்டார். ஒன்றும் விடாமல் சொன்னேன். சட்டம் எங்கே போனது என்று கேட்டதைச் சொன்னபோது அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். "அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது," என்றார்.

அடுத்த மூன்று கிழமையில் இரண்டு விசயங்கள் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. ஒன்று மேசையில். ஷெல்லியின் ஆட்களுக்கு ஒரே விருப்பம்தான்: அவர் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். வீடு கட்டுகிறவர்கள் முதலில் துள்ளினார்கள், பிறகு இறங்கி வந்தார்கள். அந்த மூலையை விட்டுவிடுவது, வெறும் புல் வளர்ப்பது, அறிவிப்புப் பலகை, பெயர், நடைபாதை ஒன்றும் இல்லை. வசந்தி குடும்பத்துக்கு அதே திட்டத்தில் வேறு வீடு. இப்படி ஒரு முடிவு லேசில் கிடைப்பதில்லை. என் முப்பது வருடத்தில் மூன்று தரம் கண்டிருக்கிறேன். கையெழுத்து மட்டும்தான் மிச்சம் இருந்தது.

மற்றது வெளியில். படம் எப்படியோ பழைய பொருள் சேர்க்கிறவர்களின் கைக்குப் போய்விட்டது. இரண்டாம் சனிக்கிழமை வேலி உண்மையிலேயே வெட்டுப்பட்டது. மண்வெட்டியால் மூன்று குழி. கடைசிக் குழி அவரிலிருந்து ஐந்து அடி. காவலுக்கு ஆள் போட்டார்கள். அடுத்த கிழமை மறுபக்கத்தால் வந்தார்கள். யார் என்று கடைசிவரை பிடிபடவில்லை.

புல்வெளிக்கு யார் ஆயுள் முழுக்கக் காவல் இருப்பது? அந்த இடத்தின் காவலே யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான். அது போய்விட்டது.

ஷெல்லி ஃபோன் எடுத்தார். "கொண்டுபோகத் தீர்மானித்துவிட்டோம். ஒருவருக்கும் விருப்பம் இல்லை. ஆனால் இனி இங்கே வைத்திருக்க முடியாது." பிறகு சொன்னார்: "அமைதியாக இளைப்பாறட்டும் என்று கேட்டீர்கள் அல்லவா? இப்போது நாங்கள் அவரை எழுப்ப வேண்டியிருக்கிறது."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு றிப்போர்ட். என் மேலதிகாரி, மார்க்கத்தில் இருக்கும் எங்கள் ஒஃபிஸிலிருந்து ஃபோன் எடுத்தார். குரல் உயர்த்தாத மனிதர். மெழுகுதிரி விசயம் தொல்லியல் தகவல் இல்லை, ஆகவே எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று மிகவும் அன்பாகச் சொன்னார். மறுபக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள், படம் அனுப்பியதற்காக அன்ரனை வேலையிலிருந்து தூக்கத் தயாராக இருந்தார்கள். பழி போட ஓர் ஆள் கிடைத்தால் எல்லாருக்கும் வசதி. அன்ரன் செய்தது சரியில்லைதான். ஆனால் அவன் கண்டது என்ன? நான் காட்டியதைத்தான் கண்டான். அது புதைகுழி, வாய் திறக்கக்கூடாது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல், எல்லாம் சொல்லும்படி ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தவன் நான்.

எழுதினேன். என் பெயர், நேரம், மெழுகுதிரி, மண் போடாமல் விட்டது, இடம் வெளியே போனதற்கு அதுவே தொடக்கம் என்பது. மேலதிகாரி அந்தப் பந்தியை இரண்டு முறை வெட்டி அனுப்பினார். இரண்டு முறை திரும்பப் போட்டேன். லைசென்ஸ் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது. அமைச்சிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் என்னைக் களத்துக்கு விடவில்லை. ஒஃபிஸில் இருந்து பானை ஓட்டுக்கு இலக்கம் போட்டேன். அன்ரனுக்கு வேலை தப்பியது. "நீங்கள் கொளுத்தாமல் விட்டிருந்தா எனக்கு இந்தத் தலையிடியே வந்திராது, அண்ணை," என்றான். அதுவும் சரிதான்.

களத்துக்கு விடாத அந்த வருடத்தில் இரண்டு நாள் மட்டும் விதிவிலக்கு. அவரை எடுக்க யார் வரவேண்டும் என்று முதற்குடியைக் கேட்டபோது, ஷெல்லி என் பெயரைச் சொல்லியிருக்கிறார். காரணம் கேட்டேன். "முதலில் கண்டவர் நீங்கள். முடித்து வையுங்கள்," என்றார்.

மூங்கில் குச்சியாலும் தூரிகையாலும் இரண்டு நாள் எடுத்தேன். அதைப் பற்றி வேறொன்றும் எழுதமாட்டேன். புதிய இடத்தில் அவர்களுடைய ஆட்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுடைய மொழி, அவர்களுடைய முறை. நான் தள்ளி, மரத்துக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். மனதுக்குள்ளும் செபம் சொல்லவில்லை. அது கஷ்டமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து ஊறியது, குழியைக் கண்டால் தானாக உதட்டுக்கு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முடியும் நேரம் ஷெல்லி என்னிடம் நடந்து வந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் புகையிலை இருந்தது. அவர்கள் ஒவ்வொருவராகக் காணிக்கை மாதிரிக் குழிக்குள் போட்டதைப் பார்த்திருந்தேன்.

"உங்களுக்கும் போட விருப்பமா?" என்று கேட்டார்.

கேட்டார். நான் அன்று மாலை செய்யாதது அதுதான். பொக்கற்றிலிருந்து கையை எடுத்து நீட்டினேன்.

அந்தப் பழைய மூலையில் இப்போது ஒரு வீடு இருக்கிறது. கராஜுக்கு மேல் கூடைப்பந்து வளையம். உள்ளே இருப்பது வசந்தி குடும்பம் இல்லை, வேறு ஆட்கள்; அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அங்கே புல் வளர்ந்திருக்க வேண்டும். அவர் அதற்குக் கீழே கிடந்திருக்க வேண்டும். ஒரு மெழுகுதிரியால் அது இல்லாமல் போனது. தம்பிக்கு நவம்பர் இரண்டாம் திகதி குசினி ஜன்னலில் கொளுத்துகிறேன். அது அவனுக்கு மட்டும்.

புதிய இடம் எனக்குத் தெரியும். உங்களில் ஒருவர் மீன்குழம்பு சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டீர்கள், நான் காது கேளாதவன் மாதிரி இருந்துவிட்டேன். என் மனைவிக்கும் தெரியாது. மகள் வீட்டுக்குப் போகும்போது அந்த வீதியால்தான் போகிறோம். மனைவி பக்கத்தில் இருந்து ஏதாவது சொல்லிக்கொண்டு வருவா, நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு ஓடுவேன். இடம் வரும். நான் தலையைத் திருப்புவதில்லை. காரையும் மெதுவாக்குவதில்லை.